உள்ளே எத்தனை பேர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தம்போயில் என் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது புவனா போன் செய்தாள். பாசீர் கூடாங் துறைமுகத்தில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் என்னோடு எட்டு வருஷம் வேலை பார்த்தவள். நான் ஓய்வு பெற்று வந்துவிட்டேன். அவள் தேர்வெல்லாம் எழுதி இப்போது அங்கேயே பாதுகாப்பு அதிகாரி. போன் அடித்தாலே எனக்குப் பயம். அதுவும் பட்டறையிலிருந்து என்றால் சொல்லவே வேண்டாம். “யாருக்கு என்னா ஆச்சு?” என்று கேட்டுக்கொண்டேதான் எடுத்தேன்.

“அலமாக்! ஒண்ணும் ஆகலக்கா. நல்ல விஷயம்தான்,” என்று சிரித்தாள். “ஆளை எண்ணுற வில்லைப் பலகையெல்லாம் கழட்டியாச்சு. இப்போ எல்லாருக்கும் கார்டு. டேங்க் உள்ள போறப்ப ஒரு தட்டு, வெளிய வர்றப்ப ஒரு தட்டு. கம்ப்யூட்டரே எண்ணிக்கும். புது ஆளுங்களுக்குச் சின்னதா ஒரு புத்தகம் போடுறோம். நீங்க அந்தப் பாட்டில் கதையை எழுதிக் குடுங்க. ரெண்டு பக்கம் போதும் லா.”

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மூன்று நாள் பேனாவைத் தொடவில்லை. சரஸ்வதி அக்கா ஒரு சிராப் சர்பத் பாட்டிலைப் பார்த்தே ஓர் ஆளின் உயிரைக் காப்பாற்றினாள் என்பதுதான் பட்டறையில் ஓடும் கதை. சொல்லச் சொல்ல அது வளர்ந்து, ஒரு வடிவத்தில் நானே டேங்குக்குள் குதித்துவிட்டேனாம். இருபத்தாறு வருஷத்தில் தலையை விட்டுப் பார்த்ததோடு சரி, ஒரு டேங்கிலும் நான் இறங்கியதில்லை. எனக்கு இருட்டென்றால் பயம், ஒடுக்கமான இடமென்றால் அதைவிடப் பயம். குதித்தாளாம்! அந்தக் கதையில் பாதிதான் மற்றவர்களுக்குத் தெரியும். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. இரண்டு பக்கத்தில் அடங்காவிட்டால் புவனா மன்னிக்க வேண்டும்.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். பெரிய கப்பலின் அடியில் ஒரு தளம் இல்லை, இரண்டு. வெளித்தகட்டுக்கும் உள்தளத்துக்கும் நடுவே இடுப்பளவுக்கு ஓர் இடைவெளி இருக்கும். அதைக் குறுக்கும் நெடுக்குமாகத் தகடு வைத்துச் சிறு சிறு அறைகளாகத் தடுத்திருப்பார்கள். ஓர் அறையிலிருந்து அடுத்ததற்கு ஓட்டை வழியாகத் தவழ்ந்துதான் போக முடியும். இந்த அறைகள் பல சேர்ந்தது ஒரு டேங்க். மேலேயிருந்து அதற்குள் இறங்க முட்டை வடிவத்தில் ஒரே ஒரு வாசல். அதை மேன்ஹோல் என்போம். ஆட்கள் உள்ளே வேலை செய்யும்போது அந்த வாசலை விட்டு நகராமல் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். உட்கார்ந்திருந்தவள் நான்.

உட்காருவதற்குச் சம்பளமா என்று என் வீட்டுக்காரரே கிண்டல் செய்வார். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். காலையில் காஸ் மீட்டர் வைத்துக் காற்றைப் பார்க்க வேண்டும். புளோவர் குழாய் உள்ளே நல்ல காற்றைத் தள்ளுகிறதா என்று கை வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே இறங்குகிறவன் தன் எண் போட்ட பித்தளை வில்லையை என் பலகையில் மாட்டுவான். ஏறி வந்ததும் அவனே கழற்றி எடுத்துக்கொள்வான். நான் தாளில் நேரம் எழுதுவேன். கால்மணிக்கு ஒரு தரம் விசில் ஊத வேண்டும். உள்ளேயிருந்து பதிலுக்குத் தகட்டில் தட்டுவார்கள். பதில் வரும் வரைக்கும் எனக்கு மூச்சு வராது. அப்படி ஒரு நாளைக்கு முப்பது தடவை மூச்சு நின்று திரும்பும்.

அந்த வேலைக்கு என்னை எடுத்தவர் போர்மேன் சவரிமுத்து. பெக்கோக் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, படிப்படியாக மேலே வந்தவர். நான் அப்போது பட்டறையில் துப்புரவுப் பிரிவில் இருந்தேன். என்னைக் கூப்பிட்டு, “உனக்குப் பயம் இருக்கா?” என்று கேட்டார். வேலை போய்விடுமே என்று நினைத்தாலும் பொய் சொல்ல வரவில்லை. “ரொம்ப இருக்கு போர்மேன்,” என்றேன். “எதுக்குப் பயம்?” என்றார். எங்கள் ஊர் சிகாமட்டில் ஆற்று வெள்ளம் ஏறும்போதெல்லாம் அம்மா எங்களைப் பள்ளிக்கூட மாடியில் உட்காரவைத்து, ஐந்து பிள்ளைகளையும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தலையைத் தொட்டு எண்ணுவார் என்றும், அந்த வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது என்றும், பஸ்ஸில் ஏறினால்கூடத் தலைகளை எண்ணாமல் உட்கார முடியாது என்றும் உளறினேன். அவர் சிரிக்கவில்லை. “நாளையிலேர்ந்து மேன்ஹோலுக்கு வந்துரு,” என்றார்.

சவரிமுத்து கத்த மாட்டார். பட்டறையில் கத்தாத போர்மேன் என்றால் அது ஒரு அதிசயம். இஸ்திரி போட்ட சட்டையில் மெதுவாக நடந்து வருவார். குட்மார்னிங் கிடையாது, சாப்பிட்டாயா கிடையாது. “உள்ள எத்தனை பேர்?” என்பார். சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். பத்தடி போய்த் திரும்பி வந்து, முதல் தடவை கேட்காதவர் மாதிரி, மறுபடியும் “எத்தனை?” என்பார். இரண்டாவது தடவை நான் பலகையைத் திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்க்காமல் சொன்னால் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். என் கல்யாண நாளுக்குச் சாப்பிட வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “உள்ள எத்தனை பேர்?” என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சமையல்காரரிடம் சொல்லத்தான் கேட்கிறார் போல என்று நினைத்து, பதினெட்டு என்றார்.

அவருடைய லாக்கர் கதவின் உள்பக்கம் ஒரு கப்பல் படம் ஒட்டியிருந்தது. மற்ற ஆண்கள் அங்கே ஒட்டி வைக்கும் படங்கள் வேறு மாதிரி. இவருடையது ஆறு பாய்மரமும், வரிசையாகப் புகைபோக்கிகளும், இரண்டு பக்கமும் பெரிய சக்கரங்களும் கொண்ட ஒரு பழைய இரும்புக் கப்பல். தேநீர் நேரத்தில் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் அவருக்கு வாய் மூடாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கட்டியது. அதுவரை உலகம் அவ்வளவு பெரிய கப்பலைக் கண்டதில்லை. வழியில் எங்கும் நின்று நிலக்கரி ஏற்றாமல் நேரே கிழக்குக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காகவே அத்தனை பெரிதாக வரைந்தார்களாம். பாயும் உண்டு, பக்கச் சக்கரமும் உண்டு, பின்னால் தண்ணீரைத் தள்ளும் விசிறியும் உண்டு. ஒன்று கைவிட்டால் இன்னொன்று. முக்கியமானது அதன் உடம்பு. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்பு உடம்பு, நடுவே மூன்றடிக்கும் குறைவான சந்து. “நம்ம டபுள் பாட்டம், இந்த ரெட்டைத் தளம் இருக்கே, அதோட தாத்தா அதான்,” என்பார் சவரிமுத்து.

ஆனால் ராசியில்லாத கப்பல். ஆற்றில் பக்கவாட்டாகத் தள்ளி இறக்கப் பார்த்து, நகராமல் மாதக்கணக்கில் கரையிலேயே கிடந்தது. இறங்கி வெள்ளோட்டம் போனபோது நீராவி வெடித்து ஆட்கள் செத்தார்கள். கிழக்குக்கென்று வரைந்ததை அட்லாண்டிக்கில் அமெரிக்காவுக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போக விட்டார்கள். பாதிகூட நிரம்பவில்லை. ஒருமுறை அமெரிக்கக் கரை பக்கத்தில் பாறை கிழித்து வெளி உடம்பில் பெரிய ஓட்டை. உள் உடம்பு தாங்கியதால் மிதந்தே துறைமுகம் போய்ச் சேர்ந்தது. பிறகு கடலடியில் தந்திக் கம்பி போடும் வேலை செய்தது. அதைத்தான் உருப்படியாகச் செய்தது என்பார். கடைசியில் விளம்பரம் எழுதி வேடிக்கை காட்ட நிறுத்திவைத்து, பிறகு உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். உடைக்கவும் அது லேசில் உடையவில்லை.

“உடைக்கிறப்ப அந்தச் சந்துக்குள்ள ஒரு ஆளோட எலும்பு கெடந்துச்சாம்,” என்று முடிப்பார். “கட்டுறப்ப தகட்டுல ரிவெட் ஆணி அடிச்சவன். அவன் உள்ள இருக்கான்னு தெரியாமலே தகடு வெச்சு மூடிட்டாங்க. முப்பது வருஷம் அவனையும் சேத்துத் தூக்கிட்டு அட்லாண்டிக்ல போயிட்டு வந்திருக்கு.”

முதல் முறை கேட்ட அன்று நான் மத்தியானச் சோற்றை அப்படியே கொட்டினேன். அவன் எத்தனை நேரம் தட்டியிருப்பான்? நூற்றுக்கணக்கான சுத்தியல் அடிக்கிற இடத்தில் ஒருவன் தட்டுவது யாருக்குக் கேட்கும்? அந்த ஆளுக்குப் பெயர் இல்லை, முகம் இல்லை, ஆனால் என் மனதில் அவன் தட்டிக்கொண்டே இருந்தான்.

அதன் பிறகுதான் நான் பாட்டில் வைக்க ஆரம்பித்தேன். டேங்குக்குள் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகக் கூடாது. மறந்து விட்டுவிட்டால் பம்ப் குழாயை அடைத்துக்கொள்ளும். ஆகவே ஆட்கள் வாசலில் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் ஒவ்வொரு பாட்டிலிலும் அவனவன் வில்லை எண்ணைச் சிவப்பு நகப்பூச்சால் எழுதி, ஒரு பெஞ்சுமேல் வரிசையாக வைப்பேன். “அக்கா வளைகாப்புக்குச் சீர்வரிசை வெக்கிறாங்க,” என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். வில்லை ஒரு கணக்கு, பாட்டில் ஒரு கணக்கு. இரண்டு இருந்தால் கொஞ்சம் தூக்கம் வரும்.

இனி அது நடந்த வெள்ளிக்கிழமை.

வந்திருந்தது ஒரு பழைய பயணிகள் கப்பல். அதுவும் அட்லாண்டிக் கடக்கக் கட்டியதுதான். சவரிமுத்துவின் கப்பலுக்கு எத்தனையோ தலைமுறை பின்னால் பிறந்தது. விமானங்கள் பயணிகளைப் பறித்துக்கொண்ட பிறகு கை மாறி, பெயர் மாறி, சாயம் மாறி, கடைசியில் சிங்கப்பூர்ப் பக்கம் உல்லாசப் பயணம் ஓட்டிக்கொண்டிருந்தது. மேலே சரவிளக்கும் வெல்வெட்டு நாற்காலியும். கீழே தகடு பல இடங்களில் அரித்துப்போயிருந்தது. ஆறு வாரம் தண்ணீர் வற்றவைத்த டாக்கில் கட்டைகள்மேல் நின்றது. அன்று மாலை நாலு மணிக் கடல்பெருக்கில் வெளியே போக வேண்டும். இழுவைப் படகுகளுக்குச் சொல்லியாயிற்று.

டாக்கில் தண்ணீர் விடுவதற்கு முன் கப்பலின் அடி டேங்குகள் சிலவற்றில் தண்ணீர் நிரப்புவார்கள். கட்டைகளிலிருந்து மிதந்து எழும்போது கப்பல் ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க அது வேண்டும். அன்று நிரப்ப வேண்டியவற்றில் கடைசியாக மீந்திருந்தது இடப்பக்கம் மூன்றாம் நம்பர் டேங்க். அதில் ஆறு பேர் கடைசி வெல்டிங்கை முடித்துக் குப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். மலாய்க்காரர்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். டேங்கை மூடிவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று நம் ஆட்கள் மட்டும் இருந்தார்கள்.

வில்லையில் ஒரு பழக்கம் உண்டு. வெளியே வந்தவன் தன் வில்லையை எடுத்துக்கொண்டு போய் கேட் பக்கத்து அறையில் மாட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும். அங்கே நீள வரிசை நிற்கும். அதனால் முதலில் வருகிறவன் கூட்டாளியின் வில்லையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவான். பின்னால் வருகிறவனுக்கு வரிசை மிச்சம். ஒருவருக்கொருவர் செய்யும் உதவி. எல்லா டேங்கிலும் நடந்தது. தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

நாலு பேர் ஏறி வந்தார்கள். அவனவன் வில்லையை எடுத்தார்கள்; பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டுக் காலி பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். ஐந்தாவதாக ஜெயராஜ் வந்தான். வெல்டர். தண்ணீரை முகத்தில் பாதி, வாயில் பாதியாக ஊற்றிக்கொண்டே கையை நீட்டினான்.

“அக்கா, குணாவோடதும் குடுங்க. பின்னாடியே வர்றான். கேன்டீன்ல மீன் தீந்துரும்.”

குணா அவனுடைய கூட்டாளி. எனக்குக் குணாவின் குரல் உள்ளேயிருந்து கேட்டது: “எடுத்துட்டுப் போடா, வந்துர்றேன்!” குரல் பக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது. டேங்கில் எல்லாக் குரலும் பக்கத்தில் இருப்பதுபோல்தான் கேட்கும். அது எனக்குத் தெரியாததா?

பலகையில் இருந்த இரண்டு வில்லையையும் என் கையாலேயே கழற்றி ஜெயராஜிடம் கொடுத்தேன்.

இதுதான் அந்த மீதிப் பாதி.

அந்த நேரம் பார்த்துப் புளோவரை எடுக்க ஆள் வந்தான். குழாயைச் சுருட்டினான், தாளில் கையெழுத்துக் கேட்டான், மேல் தளத்துக்கு எந்தப் படி என்று கேட்டான். நான் எழுந்து நாலடி போய்க் காட்டினேன். திரும்பி வந்தபோது பலகை காலி. காலியான பலகையைப் பார்த்தால் மனசுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? குணாவும் ஏறிப் போயிருப்பான் என்று அந்த நிம்மதியில் எழுதினேன்: உள்ளே ஆறு, வெளியே ஆறு. கையெழுத்துப் போட்டேன். மூடி போடுகிறவர் மேன்ஹோலுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய அறையில் ஆள் இல்லை. மூடியைப் போட்டுச் சுற்றிலும் நட்டுகளை முடுக்கிவிட்டுப் போய்விட்டார்.

நான் பாட்டில்களை வாளியில் அள்ளினேன். காலி, காலி, காலி, காலி, காலி. ஆறாவதைத் தூக்கியபோது கனத்தது.

சிவப்பு சிராப். கழுத்து வரைக்கும் இருந்தது. நகப்பூச்சில் குணாவின் எண்.

அந்தச் சூட்டிலிருந்து ஏறி வருகிறவன் முதலில் செய்வது ஒன்றே ஒன்றுதான். வில்லையை மறப்பான், கையுறையை மறப்பான், என்னிடம் சொல்லிக்கொள்ள மறப்பான். குடிக்க மறக்க மாட்டான். இருபத்தாறு வருஷத்தில் குடிக்காமல் போன ஆளை நான் பார்த்ததில்லை.

அந்தப் பாட்டிலையும் தாளையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக் ஓரத்தில் சவரிமுத்துவும் தொழுகை முடித்து வந்த டாக் மாஸ்டரும் நின்றிருந்தார்கள். டாக் மாஸ்டர் என் கையிலிருந்த தாளைப் பார்த்து, “சுடா ஹாபிஸ், காக்?” முடிந்ததா அக்கா, என்று கேட்டார். மூன்றாம் நம்பர் டேங்கில் தண்ணீர் விடச் சொல்லக் கையில் வாக்கிடாக்கியைத் தூக்கியிருந்தார்.

நான் பாட்டிலை நீட்டினேன்.

சவரிமுத்து பாட்டிலைப் பார்த்தார். “எத்தனை?” என்றார்.

“ஆறு உள்ள, ஆறு வெளியன்னு எழுதிட்டேன் போர்மேன்.”

“எழுதுனதைக் கேக்கல. எத்தனை?”

“தெரியல.”

அந்தச் சொல்லை நான் அவரிடம் அதுவரை சொன்னதே இல்லை. அவர் கையை நீட்டி டாக் மாஸ்டரின் வாக்கிடாக்கியை மெதுவாகக் கீழே அழுத்தினார்.

டாக் மாஸ்டர் கெட்டவர் இல்லை. ஆனால் கடல் அவருக்காகக் காத்திருக்காது. கேட் அறைக்குக் கேட்டார்; குணாவின் வில்லை மாட்டியிருக்கிறது, ஆள் வெளியே போயாயிற்று என்று அங்கேயிருந்து பதில் வந்தது. என் தாளைக் காட்டினார், அதிலும் ஆறு. கேன்டீனிலிருந்து ஜெயராஜை இழுத்துவந்து கேட்டார். “என் பின்னாடிதான் சார் வந்தான்,” என்றான்.

“பாத்தியா?” என்றார் சவரிமுத்து.

ஜெயராஜ் கப்பலைத் திரும்பிப் பார்த்தான். கையில் மீன் குழம்பு காய்ந்திருந்தது.

“எங்கயாச்சும் சிகரெட் பிடிச்சுக்கிட்டிருப்பான் லா முத்து,” என்றார் டாக் மாஸ்டர். எங்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் வரும். “எல்லாக் கணக்கும் சரியா இருக்கு. ஒரு பாட்டிலுக்காகக் கப்பலை நிறுத்தச் சொல்றியா?”

“ஆமா,” என்றார் சவரிமுத்து.

கப்பலுக்குள் கீழே இறங்கினோம். சவரிமுத்து சுத்தியலால் தளத்தில் மூன்று தட்டுத் தட்டினார். பிறகு இஸ்திரிச் சட்டையோடு அந்த எண்ணெய்த் தளத்தில் குப்புறப் படுத்துக் காதை வைத்தார். ஒன்றும் இல்லை. மறுபடி மூன்று. ஒன்றும் இல்லை. எனக்கு அந்தப் பழைய கப்பலின் ஆள் ஞாபகம் வந்துவிட்டது. ஐயோ, அவனாவது தட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, இவன் தட்டக்கூட இல்லையே என்று அழுதேன்.

“திற,” என்றார்.

நட்டு ஒவ்வொன்றாகக் கழன்றது. மூடி நகர்ந்ததும் ஜெயராஜ் தலையை உள்ளே விட்டான். சவரிமுத்து அவன் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார். “மொதல்ல மீட்டர்.”

“அவன் செத்துருவான் போர்மேன்!”

“நீயும் சேந்து சாவ. அப்புறம் நான் ரெண்டு எண்ணணும். சரசு, மீட்டர் வைம்மா.”

அந்த நிமிஷம் அவரை நான் வெறுத்தேன். மீட்டர் குழாயை உள்ளே விட்டேன். முள் நல்ல இடத்துக்கு வரவில்லை, காற்றுக் குறைவு. புளோவரைத் திரும்பக் கொண்டுவந்து மாட்ட வேண்டியிருந்தது. அது ஓடிய நேரம் எவ்வளவு என்று என்னைக் கேட்டால் ஒரு வருஷம் என்பேன். டாக் மாஸ்டர் இப்போது கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவரே குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். முள் ஏறியதும் ஜெயராஜின் இடுப்பில் கயிற்றைக் கட்டினோம். அவன் தன் வில்லையைத் தேடினான். அது கேட்டில் இருந்தது. சவரிமுத்து தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பலகையில் மாட்டினார். “ஒண்ணு,” என்றார் என்னிடம். நான் எழுதினேன்.

நாலாவது அறையில் கிடந்தான் குணா. மறந்து விட்ட கைவிளக்கை எடுக்கத் திரும்பிப் போனவன். ஓவரால் துணி ஒரு தகட்டு முனையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. விடுவித்துக்கொண்டிருக்கும்போதே புளோவர் நின்றுவிட்டது, பிறகு வெளிச்சமும் போய்விட்டது. கத்திப் பார்த்திருக்கிறான், நான் அப்போது நாலடி தள்ளிப் படியைக் காட்டிக்கொண்டிருந்தேன். சூட்டிலும் காற்றில்லாமலும் மயங்கியிருக்கிறான். மேலே கொண்டுவந்து கிடத்தியபோது உதடு வெளுத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, “என் பாட்டில் எங்க?” என்றான். நான் கொடுத்தேன். குடித்ததையெல்லாம் என் மடியிலேயே வாந்தி எடுத்தான். அதைவிடச் சந்தோஷமாக எந்த உடுப்பையும் நான் துவைத்ததில்லை.

கப்பல் மறுநாள் பெருக்கில்தான் போனது. சவரிமுத்துவின் அறிக்கையில், வாசலில் இருந்தவரின் கவனத்தால் ஆள் மீட்கப்பட்டார் என்று இருந்தது. வில்லையை ஜெயராஜ் எடுத்துப்போனான் என்றும் இருந்தது. யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று இல்லை. ஜெயராஜ் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுகிறான் என்று நினைத்தானோ என்னவோ. மேலதிகாரி எல்லார் முன்னாலும் எனக்குக் கை கொடுத்தார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். திங்கட்கிழமை காலை சவரிமுத்துவின் லாக்கர் முன்னால் போய் நின்றேன்.

“போர்மேன், குணாவோட வில்லையை நான்தான் கழட்டிக் குடுத்தேன்.”

அவர் லாக்கர் கதவை மூடவில்லை. “தெரியும்,” என்றார். “எத்தனை தடவை இப்படிக் குடுத்திருக்க?”

யோசித்தேன். அந்த வாரமா, அந்த வருஷமா, எந்த டேங்கிலிருந்து ஆரம்பிப்பது? எண்ணிப் பழகிய எனக்கு அதற்கு மட்டும் எண் இல்லை.

“தெரியல,” என்றேன். நாலு நாளில் இரண்டாவது தடவை.

அவர் திட்டியிருந்தால் தேவலை. அந்தக் கப்பல் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் பொறுக்க முடியாமல் கேட்டேன், “அந்தக் கப்பல்ல எலும்பு கெடந்தது நெசமா போர்மேன்?”

“யாருக்குத் தெரியும்? கெடந்துச்சுன்னு சொல்றவனும் இருக்கான், சும்மா கதைன்னு சொல்றவனும் இருக்கான். ஆனா கட்டுனவன் ஒருத்தனாலயும் உள்ள யாரும் இல்லன்னு அடிச்சுச் சொல்ல முடியல பாரு. எனக்குப் பயம் அதுதான்மா.” பிறகு கதவை மூடிவிட்டு, “மூணாம் டாக்குக்குப் போ. உள்ள எத்தனை பேர்னு பாத்துட்டு வந்து சொல்லு,” என்றார்.

அன்றிலிருந்து யார் வில்லையையும் நான் தொட்டதில்லை. அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டு ஏராளம். சவரிமுத்து ஓய்வு பெற்றார், பிறகு காலமானார். குணா சிகாமட்டுக்குப் போய்ப் பட்டறை வைத்தான். அவன் மகள் கல்யாணத்தில் என்னை மேடைக்கு அழைத்து, “இந்த அக்கா இல்லன்னா நான் இல்ல,” என்று பொன்னாடை போர்த்தினான். குணா, அந்தப் பொன்னாடையை அதன் பிறகு நான் ஒரு நாளும் பிரித்ததில்லை. உன்னை உள்ளே வைத்து மூடக் கையெழுத்துப் போட்டவளும் நான்தான். இத்தனை வருஷம் சொல்லாததற்கு மன்னித்துக்கொள்.

இவ்வளவையும் எழுதி முடித்து, நேற்று மத்தியானம் புவனாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டாள். பிறகு, “அக்கா, இப்போ அந்தப் பிரச்சனையே இல்லக்கா. கார்டு பொய் சொல்லாது,” என்றாள்.

“கார்டு தட்டுற இடத்துல வரிசை நிக்குதா?”

“சாப்பாட்டு நேரத்துல நிக்கும்.”

“ஒருத்தன் கார்டை இன்னொருத்தன் தட்டுறானா?”

பின்னால் எங்கோ சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது.

“இப்ப டேங்க்ல ஆள் இருக்கா புவனா?”

“இல்லக்கா, எல்லாம் முடிஞ்சுச்சு. ஒம்பது பேர் போனாங்க, ஒம்பது பேரும் வெளிய வந்தாச்சு. இப்போதான் மூடப் போறாங்க. சிஸ்டத்துல பச்சை காட்டுது.”

“சிஸ்டத்தைக் கேக்கல. எத்தனை?”

அவள் போனை வைக்கவில்லை. இரும்புப் படியில் அவள் ஷூ சத்தம் கேட்டது. முதலில் நடந்தாள், பிறகு ஓடினாள். யாரையோ மூடியைப் போடாதே என்று மலாயில் கத்தினாள். பிறகு எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான் கீரைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு அவளோடு சேர்ந்து எண்ணினேன். ஏழு. எட்டு.

எட்டோடு நின்றது.

“இன்னொருத்தன் எங்க?” என்று அவள் கேட்பது கேட்டது. யாரோ ஏதோ சொன்னார்கள். ஒரு கதவு திறந்தது. தண்ணீர் கொட்டும் சத்தம். அத்தனை வருஷமும் விசிலுக்குப் பதில் வரும்வரை நின்ற மூச்சு அப்படியே நின்றது.

“ஒம்பதுக்கா,” என்றாள் புவனா. மூச்சு வாங்கினாள். “மூஞ்சி கழுவிக்கிட்டிருந்தான். அவன் கையைப் புடிச்சுக்கிட்டுதான் சொல்றேன். ஒம்பது.”

“சரி,” என்றேன். “இன்னொரு தடவை எண்ணு.”